அரைப்பேரும் அஞ்சாங்கல்லும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு என்பது ஓர் இடத்தின் பெயர். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்து ஆட்களிடம் வீடு எங்கே என்று கேட்டால் மேட்டுக் கணக்கு என்பார்கள், பணியக் கணக்கு என்பார்கள். மேலே இருக்கும் பிரிவு மேட்டுக் கணக்கு, கீழே இருப்பது பணியக் கணக்கு. கொழுந்தெடுக்கப் போகும் மலைக்கு இலக்கம் உண்டு. லயம் என்ற வரிசை வீட்டுக்கு இலக்கம் உண்டு. செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் ஆளுக்கொரு இலக்கம். வேலையைப் பார்த்து எழுதுகிறவருக்குப் பெயரே கணக்கப்பிள்ளை. இப்படிக் கணக்குக்குள்ளேயே பிறந்து வளரும் பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும் கணக்கில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று மலையகத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

பாடசாலைக்குப் போகும் முன்னர் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறதா, வரவில்லையா? அதைப் பார்க்க வேண்டுமானால் வகுப்பறைக்கு வெளியே, லயத்து முற்றத்துக்கு வர வேண்டும்.

பாடசாலை இல்லாத நாளில் அங்கே நடக்கும் கொழுந்து விளையாட்டைப் பாருங்கள். நாலைந்து சிறுமிகள். ஆளுக்கொரு பொலித்தீன் பை, அதில் கோத்த கயிறு நெற்றியில். வேலியோரத்துச் செடியில் இலை கிள்ளி, தலைக்கு மேலாகப் பின்னால் வீசுகிறார்கள். பாதி பைக்குள் விழும், பாதி தரையில். கொஞ்சம் பெரிய பையன் ஒருவன் கணக்கப்பிள்ளை. (அந்த வேடம் ஏன் எப்போதும் பையனுக்கே போகிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.) ஒரு குச்சியின் நடுவில் கயிறு, இரு முனையிலும் டின்மீன் டப்பா. அதுதான் தராசு. ஒரு டப்பாவில் கல், மற்றதில் இலை.

“ஐயா, நல்லாப் பாத்துப் போடுங்கய்யா.”

“மழைக் கொழுந்து. ரெண்டு கிலோ கழிவு.”

“ஐயோ, அப்ப எனக்கு?”

“பதினாறு வரல்ல. அரைப்பேரு.”

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். ஒரு நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் ஒரு நிறையை வைத்திருக்கும். அதைத் தொட்டால்தான் முழு நாள் சம்பளம், அதாவது ‘பேர்’ விழும். தொடாவிட்டால் அரைப்பேர். சாக்கின் பாரம், இலையில் ஒட்டிய மழைநீர் என்று நிறுவையில் கழிப்பதும் உண்டு. அம்மா பின்னேரம் வீட்டுக்கு வந்து முணுமுணுக்கும் பேச்சு இது. ஐந்து வயதுப் பிள்ளை அதைக் காதில் வாங்கி விளையாட்டாக்கிவிட்டது. கழித்தல் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி என்றால் என்ன என்பதும் தெரியும். பாதி கிடைத்தால் மனம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933இல் குழந்தை விளையாட்டைப் பற்றி ஆற்றிய விரிவுரையில் ஒரு குச்சி வருகிறது. பிள்ளை அதைக் குதிரை என்று வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. அந்தக் கணத்தில் பொருள் வேறு, அது குறிப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிடுகிறது என்றார் அவர். லயத்து முற்றத்தில் வேலியோர இலை கொழுந்தாகிறது, கல் கிலோவாகிறது, கொப்பியில் கிறுக்கிய கோடு பேராகிறது. ‘5’ என்ற வளைந்த கோடு ஐந்து பொருளைக் குறிக்கும் என்று ஒப்புக்கொள்வதற்கும் இதே துணிச்சல்தான் வேண்டும். கற்பனையும் கணக்கும் சின்ன வயதில் ஒரே அடுப்பில் வேகிறவை. பிற்பாடு பள்ளிக்கூடம்தான் ஒன்றைச் சித்திரப் பாடத்துக்கும் மற்றதைக் கணிதப் பாடத்துக்கும் பிரித்து அனுப்புகிறது.

அந்த டின்மீன் தராசில் இன்னொன்றும் இருக்கிறது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் பலர் சமன் குறியை ‘இங்கே விடை எழுது’ என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதுதான் அதன் பொருள் என்று பிடிபட ஆண்டுகள் ஆகும். டப்பாவைக் கட்டித் தூக்கிய பிள்ளை அந்தப் பொருளைக் கையாலேயே அறிந்திருக்கிறது.

அஞ்சாங்கல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சொட்டாங்கல், கல்லாங்காய் என்றும் இலங்கையின் வடக்கு கிழக்கில் கொக்கான் என்றும் சொல்லும் அதே ஆட்டம். காப்பிக் காலத்தில் தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகும் தொடர்ந்து, தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொத்துகளில் இதுவும் ஒன்று. கூடையில் இடம் பிடிக்காத சொத்து.

ஐந்து கல்லைத் தரையில் வீசு. ஒன்றை எடுத்து மேலே எறி. அது கீழே வருவதற்குள் தரையில் கிடக்கும் ஒரு கல்லை வாரு. முதல் சுற்றில் ஒவ்வொன்றாக நான்கு தடவை. இரண்டாம் சுற்றில் இரண்டிரண்டாக. மூன்றாவதில் மூன்றும் ஒன்றும். நான்காவதில் நான்கையும் ஒரே வாரில். தாளில் எழுதினால்: 1+1+1+1, 2+2, 3+1, 4. ஓர் எண்ணை எத்தனை விதமாக உடைக்கலாம் என்பது கணிதத்தில் பெரிய தலைப்பு. ராமானுஜன் மூழ்கிக் கிடந்த தலைப்புகளில் ஒன்று. நான்கை உடைக்க மொத்தம் ஐந்து வழி. அதில் நான்கு இந்த ஆட்டத்தில் இருக்கிறது. 2+1+1 மட்டும் இல்லை. ஏன் விட்டார்கள் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

எண்ணத் தெரிவது ஒரு பக்கம். வீசும்போதே கற்களைப் பார்த்து, எந்த இரண்டு பக்கத்தில் கிடக்கிறது, எந்த மூன்றை ஒரே வீச்சில் அள்ளலாம் என்று கண் முடிவு செய்ய வேண்டும். எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் மூன்று என்று அறியும் திறமை சிறு வயதுக் கணிதத்தின் அத்திவாரங்களில் ஒன்று. பல்லாங்குழியும் இதே இனம். ஏழேழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தோ ஆறோ முத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, அள்ளிக்கொள்ளலாம். கை எங்கே முடியும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

இதையெல்லாம் வைத்துக் கணிதம் வந்துவிடும் என்று சொல்ல ஆய்வு இருக்கிறதா? இருக்கிறது. கிரெக் டங்கனும் சகாக்களும் 2007இல் ஆறு பெரிய நீண்டகாலத் தரவுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாடசாலையில் நுழையும்போது பிள்ளையிடம் இருக்கும் எண்ணறிவுதான் பிற்காலப் படிப்பை மற்ற எதையும்விட நன்றாக முன்னறிவித்தது. வாசிப்பும் கவனமும் அதற்குப் பின்னால்தான் வந்தன. அமெரிக்காவில் சார்ள்ஸ் வுல்ஃப்காங் குழுவினர் 37 முன்பள்ளிப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடிய விதத்துக்குப் புள்ளி போட்டு வைத்து, அவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஏழாம் வகுப்பிலும் அதற்கு மேலும்தான், நன்றாகக் கட்டி விளையாடியவர்கள் கணிதத்தில் முன்னே நின்றார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மூன்றாம் வகுப்புப் புள்ளியைப் பார்த்து முன்பள்ளியை எடைபோடும் நம் அவசரத்துக்கு அது ஒரு கொட்டு.

இன்னோர் ஆய்வு மலையகத்துக்கு நேரே பொருந்துகிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர் 2008இல் வெளியிட்டது. வருமானம் குறைந்த குடும்பத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பலகை கொடுத்தார்கள். அதில் 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டங்கள். சுழற்றினால் ஒன்றோ இரண்டோ விழும். காயை நகர்த்தும்போது கட்டத்தில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால் ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லக் கூடாது. ‘நான்கு, ஐந்து’ என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, மொத்தம் சுமார் ஒரு மணித்தியாலம். எண்ணுவதிலும், எது பெரிது எது சிறிது என்று சொல்வதிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது அழியவில்லை. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய பலகையில் விளையாடியவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை.

பணிய லயத்திலிருந்து மேட்டு லயத்துக்கு ஏறும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை, சம இடைவெளி, ஏற ஏறக் கூடும் தூரம். மலையகத்தில் இந்தப் பலகை கருங்கல்லிலும் சிமெந்திலும் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. எண் மட்டும்தான் எழுதவில்லை.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முற்றத்து விளையாட்டைப் பார்த்து உருகி, ‘பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பாடசாலைதான் கெடுக்கிறது’ என்று முடித்துவிடுவது சுலபம். அது உண்மையில்லை.

1980களில் பிரேசிலின் ரெசிஃபெ நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் பத்து என்ன விலை? பன்னிரண்டு வயதுப் பிள்ளை பூச்சியம் சேர்க்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, மேலும் மூன்றுக்கு 315, கடைசி ஒன்றோடு 350 என்று போனது. (மூன்றும் ஒன்றும்: அஞ்சாங்கல்லின் மூன்றாம் சுற்று!) சந்தையில் இந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 வீதம் சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 வீதம். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்தபோதும் கதை மாறவில்லை. சில்லறைக் கணக்கில் புலி, கொப்பியில் பூனை. வேலைக்குப் போகாத பாடசாலைப் பிள்ளைகளுக்கு நிலைமை நேர் தலைகீழ்.

இன்னும் கசப்பான முடிவு 2017இல் வந்தது. டெல்லியில் 214 முன்பள்ளிகளில் மோய்ரா டில்லன், ஹரிணி கண்ணன் முதலியோர் நான்கு மாதம் கணித விளையாட்டுகளை நடத்தினார்கள். பிள்ளைகளின் அளவறிவும் வடிவ அறிவும் கூடின. ஓராண்டுக்குப் பிறகும் நின்றன. ஆனால் முதலாம் வகுப்புக் கணிதத்தில் அவர்களுக்கு எந்த மேலதிகப் பலனும் தெரியவில்லை. விளையாட்டில் சேர்ந்த அறிவு தானாகப் படியேறி வகுப்பறைக்குள் போகவில்லை. வெற்று ஆட்டத்துக்கும் ரமணியின் பலகைக்கும் உள்ள வித்தியாசம், காய் நகரும்போது வாயில் வந்த எண்ணும் கண்ணில் பட்ட குறியும்தான். கையில் இருப்பதற்கும் கொப்பியில் இருப்பதற்கும் நடுவே நின்று பேச ஓர் ஆள் வேண்டும்.

தோட்டத்தில் அந்த ஆள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பிள்ளைக் காம்பராவில்.

பிள்ளை மடுவம் என்றும் சொல்வார்கள். படிப்பிப்பதற்காக அதை யாரும் கட்டவில்லை. தாய்மார் மலைக்குப் போக வேண்டும், பிள்ளை இடைஞ்சலாக இருக்கக் கூடாது. அதற்காகக் கட்டிய கொட்டில். கூரைக் கம்பில் வரிசையாகச் சேலைத் தொட்டில், ஆட்டிவிட ஒரு வயதான அம்மா, அவ்வளவுதான் நெடுங்காலம். 1992இல் தொடங்கிய பெருந்தோட்ட நலன்புரி அமைப்பு, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் காலத்தில் பல பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். சுவரில் படமும் வந்தது. நல்ல மாற்றம். ஆனாலும் பல இடங்களில் பால், சோறு, தூக்கம் என்ற மூன்றும் சரியாக நடந்தாலே நாள் நன்றாகப் போனது என்றுதான் கணக்கு.

சோறு முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம்.

அந்த 32ஐ முன்னே வைத்துக்கொண்டு ஜமேக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே 1986-87இல், இப்படி வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை சாலி கிரந்தம்-மெக்கிரெகர் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு மேலதிக போஷாக்கு. சிலருக்கு வாரம் ஒரு மணிநேரம் ஒரு சுகாதார உதவியாளர் வீட்டுக்கு வந்து, தாயையும் சேர்த்துக்கொண்டு பிள்ளையோடு விளையாடுவார். சிலருக்கு இரண்டும். விளையாட்டுப் பொருள்கள் வீட்டில் தூக்கிப்போடும் சாமான்களில் செய்தவை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனபோது, விளையாடக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களுடையதைவிட 25 வீதம் அதிகம். போஷாக்கு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பலன் தெரியவில்லை. வாரம் ஒரு மணிநேரம்! தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் கையில் நாளொன்றுக்கே எட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் இருக்கிறது.

பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. நன்கொடையாளர் வரும்போது பெரிய பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டி வரும். படம் எடுப்பார்கள். அடுத்த நாள் பெட்டி அலுமாரிக்குள் போகும், உடைந்துவிடும் என்ற பயத்தில். வெளியே பிள்ளைகள் டர்பன்டைன் மரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், தேயிலைக் கொட்டையை உருட்டிக்கொண்டிருப்பார்கள், உரச்சாக்கில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிக்கொண்டிருப்பார்கள். பிரித்தானியக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் சொன்னது இதற்குப் பொருந்தும். ஓர் இடத்தில் எவ்வளவு அதிகமாக உதிரிப் பொருள்கள் கிடக்கின்றனவோ, நகர்த்தவும் அடுக்கவும் பிரிக்கவும் முடிகிறதோ, அவ்வளவுக்குப் புதிதாக யோசிக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது என்றார். இந்தியாவில் அர்விந்த் குப்தா இதை வாழ்நாள் வேலையாகவே செய்துவருகிறார். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியியலாளர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் கோத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் செய்யக் காட்டினார். சதுரம் சாய்கிறது, முக்கோணம் சாயவில்லை, ஏன்? கேத்திரகணிதம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

மரியா மொன்டிசோரியும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போரில் இத்தாலி எதிரி நாடானதால் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே இருந்தார். 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில், நுவரெலியாவைப் போலவே குளிரும் பனியும் நிறைந்த மலையில், பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து வேலை செய்தார். 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். இன்றும் இந்நாட்டில் முன்பள்ளிக்கு மக்கள் சொல்லும் பெயர் மொண்டிசோரி. பெயர்ப்பலகையில் அவர் இருக்கிறார். உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை இரட்டைக்கோட்டுக் கொப்பியில் ‘அ’ எழுதி அழுதுகொண்டிருக்கிறது.

இதில் முன்பள்ளி ஆசிரியையை மட்டும் குறைசொல்ல முடியாது. கொப்பியில் எழுத்து இல்லாவிட்டால் பெற்றோர் கேட்பார்கள், “காசு கட்டி அனுப்புறது வெளையாடவா?” என்று. அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. எழுத்துதான் லயத்தைவிட்டு வெளியேறும் வாசல் என்று கண்ணால் கண்டவர்கள் அந்தப் பெற்றோர். விளையாட்டு அவர்களுக்கு நேர விரயமாகத் தெரிவதற்குக் காரணம் அறியாமை இல்லை, அனுபவம்.

அரசின் பாடத்திட்டமோ இந்த விடயத்தில் பெற்றோரை முந்திவிட்டது. 1998இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி அடுத்த ஆண்டு நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 பிள்ளைகளுக்கு மூன்று வழிகளில் கற்பிக்கச் சொன்னது: வழிகாட்டலுடனான விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. விளையாட்டுத்தான் முதலில். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 1 வரைக்கும் விழுகிறது. நெருக்கமான வகுப்பறையில் முப்பத்தைந்து பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியைக்கு விளையாட்டு என்பது முதலில் சத்தம். அப்புறம் பக்கத்து வகுப்பின் முறைப்பாடு.

அதனால் பெரிய திட்டம் எதையும் கேட்க வேண்டாம். பேச்சில் தொடங்கலாம். கொழுந்து விளையாட்டில் பிள்ளை அரைப்பேர் போடும்போது, “பதினாறுக்கு இன்னும் எத்தனை கொறையுது?” என்று பிள்ளைக் காம்பரா ஆயம்மா ஒரு கேள்வி கேட்கலாம். அஞ்சாங்கல் வாரிய கையைப் பார்த்து, “மூணு எடுத்திட்ட, கீழ என்ன மிச்சம்?” என்று கேட்டு, விடையைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டலாம். பிள்ளை சொன்ன எண்ணும் சுவரில் நிற்கும் குறியும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். டெல்லி ஆட்டங்களில் இல்லாமல் போனது ஏறக்குறைய இந்தப் பேச்சுத்தான். ஆனித் தொடக்கம் ஹட்டன் பக்கம் மழை விடாமல் பெய்யும் மாதங்களில், வெளியே போக முடியாமல் இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டி மூடியில் பத்துக் கட்டம் கீறிக் கொடுத்தால் ரமணியின் பலகை தயார். காய்க்குத் தேயிலைக் கொட்டை.

தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கும், ஆண்டுதோறும் பொம்மைப் பெட்டியோடு வரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு டின் வெள்ளைப் பெயின்டும் ஒரு தூரிகையும் கொண்டுவாருங்கள். பிள்ளைக் காம்பராவுக்கு ஏறும் படிக்கட்டைக் கழுவிக் காயவிட்டு இலக்கம் போடுங்கள். 1 கடைசிப் படியில், கீழே. ஏற ஏற எண் கூட வேண்டும். ஒரு படிக்கு ஓர் எண், பிள்ளையின் கால்பாதம் அளவுக்குப் பெரிதாக.